தண்ணீர் வரும் நேரத்தில் பேசிய கீபோர்டு

பேய் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். கீபோர்டு என்றுதான் போனில் அந்தப் பையன் சொன்னான்.

“ஆன்ட்டி, மெக்கானிக்கல் கீபோர்டு. பப்பாவோடது. என்டர் கீ அப்னே ஆப், தானா அமுங்குது. ஒரு தடவ வந்து பாருங்க, ப்ளீஸ்.”

வீட்டுக்கெல்லாம் வரமாட்டேன், வேண்டுமானால் தாராவிக்குக் கொண்டு வா என்றேன். “மம்மி அதத் தொட விட மாட்டேங்குறாங்க,” என்றான்.

நான் போர்டில் ஈயம் பற்றவைக்கிறவள். அந்தேரியில் ஒரு கம்பெனியில் பல வருடம் அந்த வேலையைச் செய்தேன். கம்பெனியை மூடியபோது கை வேலை மட்டும் என்னோடு வந்தது. இப்போது தாராவியில் ஒரு தையல் பட்டறைக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் விளையாடுகிற பிள்ளைகள் இந்த விலை கூடிய கீபோர்டுகளைக் கொண்டு வருவார்கள். இவற்றில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். ஸ்விட்சின் இரண்டு கால்களைப் பிடித்துக்கொள்ள போர்டின் அடியில் ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். கோணலாக வைத்து அமுக்கினால் அந்த சாக்கெட் உடைந்துவிடும். எல்லாரும் கோணலாகத்தான் அமுக்குகிறார்கள். அதற்கப்புறம் பசை ஊற்றி ஒட்டுகிறார்கள். அதற்கும் அப்புறம்தான் என்னிடம் வருகிறார்கள்.

யார் வீடு என்று கேட்டதும் போகாமல் இருக்க முடியவில்லை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் வீடு. சீத்தா கேம்ப் வரைக்கும் நம் ஆட்கள் ரேஷன் கார்டு மனுவுக்கும் வாடகை அக்ரிமென்டுக்கும் அவரிடம்தான் போவார்கள். எனக்கும் ஒரு வாடகை அக்ரிமென்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். விசைகளைப் பார்க்கவே மாட்டார். எதிரில் நிற்கிறவர்களைக் கேலி பேசிக்கொண்டே விரல்களை ஓட்டுவார். வாய் ஓயாத மனிதர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை.

மதினிதான் கதவைத் திறந்தார். அண்ணாச்சியின் மனைவி.

“வா பிள்ள. செருப்ப அங்கனயே போடு. அவுகளும் பயலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ. ரூம்ல யாரும் இல்ல.”

“யாரும் இல்லன்னா நல்லதுதான மதினி. வேலையப் பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

“யாரும் இல்லாதப்பதான் அது பேசும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. மத்தியான வெயிலில் ரயிலில் நசுங்கி வந்திருக்கிறேன். என்ன கதை இது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போது கீழே தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. பழைய கட்டடம். மோட்டார் ஓடினால் தரை லேசாக அதிரும், எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலுக்கு நடுவே, மூடியிருந்த அறைக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள்.

“கதவைத் திறங்க.”

அவசரம் இல்லாத குரல். கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

“மதினி, உள்ள யாரோ பொம்பள இருக்காவ.”

“யாருமில்லங்கேன்லா.”

“கதவைத் திறங்க,” என்றது மறுபடி.

நானே போய்த் திறந்தேன். காலி நாற்காலி. அதன் முதுகில் ஒரு துண்டு. அடைத்த ஜன்னல். மேசையில் லேப்டாப் கம்ப்யூட்டரின் திரை எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அந்தக் கீபோர்டு, அதைச் சுற்றிலும் திருநீறு. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் கருத்துக் காய்ந்து கிடந்தது. நான் என்டர் விசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசை அசையவில்லை. நான் பார்க்கப் பார்க்க, அது அசையாமலே, அந்தக் குரல் என் முகத்துக்கு நேராக மூன்றாவது தடவையும் சொன்னது. கதவு திறந்துதான் இருந்தது. வெட்கம் என்ன இதில், பயந்துவிட்டேன்.

மோட்டார் நின்றது. குரலும் நின்றது.

மதினி அறை வாசலோடு நின்றுகொண்டார். அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாச்சிக்கு சர்க்கரையால் கண்ணும் மங்கிவிட்டது. எழுதிக் காட்டினால் கோழி கிண்டியது போல இருக்கும். போனில் தட்டலாம் என்றால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குப் பழகியது டைப்பிங் ஒன்றுதான். அதனால் மகன் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறான். அவர் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் கம்ப்யூட்டர் அதைத் தமிழில் வாசிக்கும். எதுவும் அடிக்காமல் வெறும் என்டர் தட்டினால் கடைசியாக வாசித்ததையே திரும்ப வாசிக்கும். கம்ப்யூட்டரில் கிடைத்த தமிழ்க் குரல் ஒரு பெண்ணுடையது. அண்ணாச்சி அந்தக் குரலில்தான் மோர் கேட்டார், அந்தக் குரலில்தான் மகனைத் திட்டினார். முதலில் எல்லாருக்கும் சிரிப்பாக இருந்ததாம்.

“இப்ப சிரிப்பு வரல பிள்ள. தண்ணி வந்தா அது கூப்புடுது. சமயத்துல தண்ணி வராட்டாலும் கூப்புடுது. நீங்களா சொன்னியன்னு அவுககிட்ட கேட்டேன். ‘இல்லை’ங்குது. யாரு சொல்லுதா அந்த ‘இல்லை’ய? அதுவும் அதே கொரலுதான? நான் எதன்னு நம்ப?”

நான் பேச்சை மாற்றினேன்.

“சாதாக் கீபோர்டு ஒண்ணு போட்டுப் பாத்தியளா?”

“அவுக வெரலுக்கு அது ஆவல. கல்லு மாதிரி தட்டையா இருக்குன்னு தூக்கி எறிஞ்சிட்டாவ.”

“அப்ப இதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்குங்க.”

“புதுசுக்குள்ளயும் அது வரும். அது பலகையில இல்ல, அந்தக் கொரல்ல இருக்கு. கல்யாண்ல இருக்க என் தம்பி தூக்கிப் போடுங்கான். நீ பாரு. நின்னா சரி. நிக்கலன்னா வெள்ளிக்கிழம நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டுருவேன். அவுக பேசாட்டாலும் பரவால்ல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மதினி அழுதார். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. வெள்ளிக்குள் நான் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் அண்ணாச்சி சாகும்வரை ஊமை. பற்றவைக்கிற வேலைக்கு இப்படி ஒரு கெடு எனக்கு வந்ததே இல்லை.

ஸ்விட்சைப் பிடுங்கினேன். ஒரு கால் வளைந்திருந்தது. புதியதைச் செருகினேன். கொஞ்சம் ஆடியது. தட்டிப் பார்த்தேன், வேலை செய்தது. இதுதான் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் படியில் இறங்குவதற்குள் போன் வந்தது. மகன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறார்கள்.

“ஆன்ட்டி, ஃபிர் சே, மறுபடி பேசுது. பப்பா பாத்ரூம்ல இருக்காரு.”

திரும்பிப் போனேன். அண்ணாச்சி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. அவர் மூச்சு விடும்போது அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. என்னை யார் என்று அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை. கீபோர்டை வீட்டுக்குக் கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. வாய் எதையோ சொன்னது, சத்தம் இல்லாமல். நான் உதட்டைப் பார்த்தேன், புரியவில்லை. மகனைப் பார்த்தேன், அவனுக்கும் புரியவில்லை.

“விடுங்க அண்ணாச்சி. கொண்டாந்து தந்துருவேன்,” என்று விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

மறுநாள் காலையில் என் அறையில் அதை என் பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். கீழே பட்டறையில் தையல் மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தார்கள். என் வீட்டுத் தரையும் அதிரும் தரைதான். திரும்பிப் பார்த்தால், திரையில் எழுத்து விழும் இடத்தில் மினுக்கும் கோடு தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரி, ஒரு வரி. பிறகு கொஞ்சம் நின்று, வேகமாக நிறைய வரி. கீபோர்டு மேசையில் தனியாகக் கிடந்தது. என் கம்ப்யூட்டரில் குரல் கிடையாது. ஆனாலும் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை, அதே நிதானத்தோடு. பக்கம் முழுக்க வெறுமையாக ஓடி முடிந்து அடுத்த பக்கம் வந்தது. வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

திருகாணிகளைக் கழற்றிப் போர்டைத் திருப்பினேன். என்டர் சாக்கெட் நடுவில் விரிந்து, ஒரு பக்கம் போர்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியிலிருந்த செம்புத் தகடும் கூடவே பெயர்ந்து வந்திருந்தது. அதற்குள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அப்பியிருந்தது. முதலில் துரு என்று நினைத்தேன். பிறகு லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஊசியால் சுரண்டினேன். மூக்குக்குக் கிட்டே கொண்டு போனதும் தெரிந்துவிட்டது. சந்தனம். மேலே குங்குமம்.

போனை எடுத்தேன்.

“மதினி, கீபோர்டுக்குப் பொட்டு வச்சியளா?”

“ஆயுத பூசைக்கு வைக்காம இருப்பமா? கடையில இருந்தப்ப டைப் மெஷினுக்கு வச்சோம். இப்ப அவுக தொழிலு இதுதான? அந்தப் பெரிய பட்டன்லதான் எடம் இருந்துச்சு.”

“நல்லா குழைச்சு வச்சியளோ?”

“வருசத்துக்கு ஒருக்க வைக்கது, நெறயத்தான் வச்சேன். வழிஞ்சிட்டு. பய ஈரத்துணியால தொடச்சு, அந்தப் பட்டன அடியோட பிடுங்கித் தொடச்சுத் திரும்பச் சொருவுனான்.”

கோணலாகத்தான் சொருகியிருப்பான். அங்கேதான் சாக்கெட் உடைந்திருக்கிறது. உள்ளே இறங்கிய சந்தனம் பம்பாய்க் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. தரை அதிரும்போதெல்லாம் ஆடுகிற சாக்கெட் அதில் தொட்டுத் தொட்டு மீண்டிருக்கிறது. விசையை யாரும் அமுக்க வேண்டியதில்லை. அமுக்கியதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

“பூச அன்னைக்கு அண்ணாச்சி எப்படிப் பேசுனாவ?” என்று கேட்டேன்.

“பூசையில வச்ச ஆயுதத்த அன்னைக்கு எடுக்கக் கூடாதுல்லா. மறுநா காலைலதான் எடுத்துக் குடுத்தோம்.”

சுத்தியலையும் கத்தியையும் ஒரு நாள் சும்மா வைப்பது வேறு. ஒரு மனிதனின் வாயை எடுத்துச் சாமி முன்னால் வைத்து, பொரிகடலை படைத்து, நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் என் சால்டரிங் அயர்னிலும் போன மாதத்துப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

வேலை சாயங்காலம் வரை இழுத்தது. உடைந்த சாக்கெட்டைச் சூடு காட்டி எடுத்தேன். ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். சந்தனம் சிவப்பாகக் கரைந்து துணியில் இறங்கியது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. பெயர்ந்த தகடு கையோடு வந்துவிட்டது. அது போய்ச் சேரும் செம்புக் கோட்டைத் தேடி, மேலே உள்ள பூச்சைச் சுரண்டி, முடி போன்ற கம்பி ஒன்றை அங்கிருந்து புது சாக்கெட்டுக்கு இழுத்துப் பற்றவைத்தேன். இரண்டு தடவை கம்பி நழுவியது. மூன்றாம் தடவை பிடித்தது. சாக்கெட் ஆடாமல் இருக்கப் பசை வைத்தேன். கீழே மெஷின்கள் ஓடும்போது மாட்டிப் பார்த்தேன். திரையில் கோடு அதே இடத்தில் நின்றது.

வெள்ளிக்கு முன்பே கொண்டு போனேன். அண்ணாச்சி கீபோர்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கடகடவென்று அடித்தார். “வாடகை அக்ரிமென்ட். ஓனர் திருட்டுப் பய,” என்றாள் அந்தப் பெண். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சத்தம் இல்லாமல். கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்து நிற்க, கையைத் தூரமாக வைத்துக்கொள்ள, மோட்டார் ஓடி முடியும்வரை எல்லாரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

“தேக்கா மம்மி, பாத்தீங்களா? சந்தனம்தான் பேய்,” என்றான் மகன்.

மதினிக்கு முகமே மாறிவிட்டது. “இரு பிள்ள, வடை போடுதேன், சாப்டாமப் போவக் கூடாது,” என்று அடுப்படிக்கு ஓடினார். பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியும் எண்ணெய்ப் புகையும் கழுத்துத் துளைக்கு ஆகாது என்று மகன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். மூவரும் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்தோம். வடை நன்றாக இருந்தது. மதினி காட்கோபரில் எந்தக் கடையில் உளுந்து நன்றாகக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“கதவைத் திறங்க.”

யாரும் அசையவில்லை. மதினியின் கையில் டம்ளர் நின்றுவிட்டது. மோட்டார் ஓடவில்லை. டம்ளர்கள் உரசவில்லை.

“கதவைத் திறங்க.”

“போவலியே,” என்றார் மதினி, உதடு மட்டும் அசைய. “நான் சொன்னேன்லா. போவலியே.”

நான் என் கம்பியை நினைத்தேன். எங்கே விட்டது, பசை காயவில்லையா, இன்னும் சந்தனம் இருக்கிறதா என்று. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேலையை என் கையால் முடித்து, என் கண்ணால் சோதித்து, அறைக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தும், நானும் உட்கார்ந்தேதான் இருந்தேன். மகன் சுவரைப் பார்த்தான். மதினி திருநீற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பழகிய கை. அதற்குள் குரல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ஒரே நிதானம். அந்தக் குரலுக்கு அவசரப்படத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று வெளியே ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். அதைத் தள்ளித் திறந்தேன்.

மின்விசிறி நின்றிருந்தது. அந்த அறைக்கு மட்டும் கரண்ட் போயிருந்தது, கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலும் அடைத்த அறைக்குள் அண்ணாச்சி வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துத் துணி படபடவென்று துடித்தது. விரல் என்டரில் இருந்தது. என்னைப் பார்த்த பிறகும் இன்னொரு தடவை தட்டினார்.

மகன் ஓடி வந்து அவரை ஹாலுக்குக் கூட்டிப் போனான். விசிறிக்கு அடியில் உட்காரவைத்து முதுகைத் தடவினான். மூச்சு அடங்கியதும் அவர் கையைக் காட்டினார். கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் கொண்டு வந்து மடியருகே வைத்தேன்.

மதினி தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானா? நீங்கதான் சொன்னியளா? அதுன்னு நெனச்சிட்டேன்யா. நான் அதுன்னு நெனச்சிட்டேன்.”

அவர் அடித்தார். “முன்னாடியும் நான் சொன்னேன்.”

“எப்ப?”

“பல தடவை.”

“கதவத் தட்டிருக்கலாம்லா?”

“தட்டினேன்.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தட்டலையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் திருநீறு போட்டிருக்கிறார்கள். உள்ளே அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு, ஏன் யாரும் திறக்கவில்லை என்று தெரியாமல், மறுபடி என்டரைத் தட்டியிருக்கிறார். எது சந்தனம் சொன்னது, எது அவர் சொன்னது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் எதுவும் கேட்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவுக் கொக்கியைக் கழற்றினேன். திருகாணி துருப்பிடித்திருந்தது, மரம் சிராய்த்து வந்தது. “ஆன்ட்டி, பெயின்ட் போயிரும்,” என்றான் மகன். நான் பார்த்த பார்வையில் அதற்கு மேல் பேசவில்லை.

சில வாரம் கழித்து வேறு வேலையாகச் செம்பூர் போனபோது அங்கேயும் ஏறினேன். கீபோர்டு ஹாலுக்கு வந்துவிட்டிருந்தது. அண்ணாச்சி அதன் முன்னால் உட்கார்ந்து பேப்பர்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். மதினி அடுப்படியில் நின்றார். அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது போல. அண்ணாச்சி வரியை அடித்து முடித்தார். ஆனால் என்டரைத் தட்டவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரலை நீட்டிக்கொண்டு, மதினி திரும்பும்வரை காத்திருந்தார். மதினி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தார். பார்த்தது தெரிந்த பிறகு அவர் விரலை இறக்கி என்டரைத் தட்டினார்.

“டீ,” என்றாள் அந்தப் பெண்.

“இந்தா வாரேன்,” என்றார் மதினி.

ஒரு டீ கேட்க அவர் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கீபோர்டில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல அவர் மறுபடி கையைத் தூக்கினார். எனக்கு வேண்டாம் அண்ணாச்சி, எனக்குத் தூக்க வேண்டாம் என்றேன். பழகிவிட்டது போல, தூக்கித்தான் தட்டினார்.